மரத்தை அறுப்பதற்கு முன்: பாட்டில் அடைப்பானுக்கு உலோகம் தேர்ந்தெடுக்கும் முறை

மரக்கடைசல் கற்றுக்கொள்ள என் மொட்டைமாடிப் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் மரப்பெட்டிக்குள்தான் கையை விடுகிறார்கள். கருஞ்சிவப்பான புளியமர வைரம், முறுக்கிக்கொண்டு வளர்ந்த காப்பிச் செடியின் அடித்தண்டு, பழைய கட்டில் காலிலிருந்து அறுத்தெடுத்த ஈட்டி மரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்கள். "இதில் ஒரு பாட்டில் அடைப்பான் கடைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மரம் விரலுக்குப் பிடி கொடுக்கும் குமிழ் மட்டுமே. பாட்டிலுக்குள் இறங்கி எண்ணெயையும் தேனையும் வினிகரையும் காப்பது, அந்தக் குமிழின் அடியில் திருகியிருக்கும் உலோகமும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமும்தான். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் பாட்டிலை அளவெடுங்கள். பிறகு உலோகத்தை வாங்குங்கள். மரத்தில் ரம்பம் வைப்பது அதற்குப் பிறகு.

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மற்றவர்கள் கடைந்து அனுப்பிய பாகங்களை வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் வைத்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அல்சூர் வீட்டு மாடியில் ஒரு சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கி வைத்து, நானே கடையத் தொடங்கினேன். அத்தனை ஆண்டு அளவுப் பழக்கம் இருந்தும் என் முதல் அடைப்பான்களில் பெரிய தவறு செய்தேன்.

அண்ணன் மகள் தன் அலுவலகத் தோழிகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று 12 அடைப்பான்கள் கேட்டாள். பளபளவென்று குரோமிய முலாம் பூசிய உலோகப் பாகங்களைத் தபாலில் வரவழைத்தேன். ஈட்டியிலும் பலாவிலும் குமிழ் கடைந்து, கண்ணாடி போல மெருகேற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் அவற்றில் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தாள். "அத்தை, இதைக் கழுவினால் போகுமா?" என்று கேட்டாள். பாதி மிச்சமிருந்த திராட்சை ஒயின் பாட்டிலை அதனால் மூடி, குளிர்பெட்டியில் படுக்கவைத்திருந்தார்களாம். முலாம் கொப்புளித்து உரிந்திருந்தது. கொப்புளத்தை நகத்தால் கீறினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி. நாவால் தொடத் துணியவில்லை. மேலே இருந்த ஈட்டிக் குமிழில் ஒரு கீறல்கூட இல்லை. நான் உழைத்த பகுதி அப்படியே இருக்க, நான் யோசிக்காமல் வாங்கிய பகுதி அழிந்துபோயிருந்தது. 12 அடைப்பான்களையும் திரும்ப வாங்கி, உலோகத்தை மாற்றிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பாட்டிலின் வாய்

தக்கை போட்டு அடைக்கும் ஒயின் பாட்டிலின் உள்வாய்க்குத் தர அளவு 18.5 மி.மீ. அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பாட்டில்களில் ஒன்று 18, மற்றொன்று 19 இருந்தால் இரண்டுமே சரியான பாட்டில்கள்தான். கழுத்துக்குள் போகப் போக உள்ளளவு இன்னும் விரியும். காரணம் எளிது. கண்ணாடிப் பாட்டிலின் வெளிப்புறத்தை அச்சு தீர்மானிக்கிறது. உட்புறத்தின் பெரும்பகுதியை ஊதும் காற்று தீர்மானிக்கிறது. காற்றுக்கு அச்சைப் போல ஒழுங்கு கிடையாது.

ஆகவே "எல்லாப் பாட்டிலுக்கும் பொருந்தும்" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பழைய பேப்பர் கடையில் பத்துப் பாட்டில்களை எடுத்து வரிசையாக நிறுத்தி அளந்துபாருங்கள். வெர்னியரின் உள்தாடையை வாய்க்குள் விட்டு ஒருமுறை, பாட்டிலைக் கால்வட்டம் திருப்பி மறுமுறை. பிறகு தாடையைப் பத்து மில்லிமீட்டர் கீழே இறக்கி இன்னொரு முறை. மூன்று எண்களையும் எழுதிவையுங்கள். விஸ்கி பாட்டில், எண்ணெய்ப் பாட்டில், பழச்சாற்றுப் பாட்டில் என்று போகும்போது எண்கள் இன்னும் சிதறும். திருகுமூடி போட்டு வரும் பாட்டில்களின் வாயில் பிளாஸ்டிக் ஊற்றுவாய் பொருத்தியிருந்தால் அதைக் கெல்லி எடுத்துவிட்டுத்தான் அளக்கவேண்டும்.

வெர்னியர் இல்லையென்றால் சமையலறைக்குப் போங்கள். கூம்பாக இருக்கும் ஒரு கேரட்டைத் தோல் சீவி, பாட்டில் வாயில் செருகி, அழுத்தாமல் ஒரு சுற்றுத் திருப்புங்கள். கண்ணாடி விளிம்பு கேரட்டில் மெல்லிய கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டின் மேல் தையல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுத்தால் வாயின் அளவு கிடைக்கும். 58 மி.மீ. நூல் என்றால் ஏறத்தாழ 18.5. என்னிடம் படிக்க வந்த பள்ளி மாணவிக்கு இதைச் செய்துகாட்டினேன். வெர்னியரோடு ஒப்பிட்டபோது கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

உள்ளே என்ன ஊற்றப்போகிறார்கள்?

அடைப்பான் கேட்டு வருகிறவரிடம் நான் கேட்கும் இரண்டாவது கேள்வி இது. நந்தி மலைப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் இருப்பதால் பெங்களூரில் ஒயினுக்காகக் கேட்கிறவர்கள் நிறைய. ஆனால் எங்கள் தெருவில் நல்லெண்ணெய்க்கும் மலைத்தேனுக்கும் கேட்கிறவர்கள் அதைவிட நிறைய. ஒயினிலும் வினிகரிலும் புளிப்பு இருக்கிறது. அது உலோகத்தைத் தின்னும். எண்ணெய் உலோகத்தை ஒன்றும் செய்யாது; சில வகை ரப்பரை ஊதவைக்கும். தேனிலும் கொஞ்சம் புளிப்பு உண்டு, ரப்பரை விட்டுவிடும்; ஆனால் காய்ந்து பசை போல ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது குமிழைத் திருகிப் பிடுங்குவார்கள், அப்போது மரையின் பலம் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கும் பானங்களுக்கு இந்த அடைப்பான்கள் ஆகாது. பொங்கும் ஒயின் பாட்டிலுக்குள் காற்றழுத்தம் ஐந்தாறு மடங்கு இருக்கும். வீட்டில் புளிக்கவைக்கும் பானங்களும் மூடிய பாட்டிலுக்குள் அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். அழுத்திச் செருகும் அடைப்பான் அங்கே கல் போலத் தெறிக்கும். கேட்டாலும் செய்துகொடுக்காதீர்கள்.

தக்கையும் சிலிக்கோனும்

இயற்கைத் தக்கையில் துளை போட்டு மரக்குச்சியால் குமிழோடு ஒட்டும் வகைதான் மிக மலிவு. போர்ச்சுகலில் ஓக் வகை மரம் ஒன்றின் பட்டையை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்து எடுப்பது அந்தத் தக்கை. மரத்துக்கு மரமாகப் பொருந்தும், பார்க்க அழகு. ஆனால் கழுவிக் காயவைக்கச் சிரமம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், சில மாதத்தில் ஓரம் உதிரும். உலர்ந்த ரோஜா இதழோ வாசனைப் பொடியோ வைக்கும் பாட்டிலுக்கு நான் இதைத் தருகிறேன். திரவத்துக்குத் தருவதில்லை.

சிலிக்கோன் வகையில் உலோகத் தண்டைச் சுற்றி மெல்லிய இதழ்கள் அடுக்காக இருக்கும். 17-லிருந்து 21 மி.மீ. வரைக்கும் இதழ்கள் மடங்கிக்கொடுக்கும். அளவு தெரியாத பாட்டிலுக்குப் பரிசாகக் கொடுக்கவேண்டுமென்றால் இதைவிடப் பத்திரமான தேர்வு இல்லை. குறை என்னவென்றால் வாசனையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூண்டு போட்ட எண்ணெய்ப் பாட்டிலில் இருந்ததை ஒயினுக்கு மாற்றினால் ஒயினை மறந்துவிடலாம். வாங்கும்போது இதழ்களை விரலால் பிரித்து, நடுத்தண்டு எந்த உலோகம் என்று பாருங்கள். சிலவற்றில் அது முலாம் பூசிய தண்டாக இருக்கும். இதழ்களுக்கிடையே திரவம் தேங்கி அரிக்கும்.

உலோகம்

இனி முக்கியமான வகை: கூம்பு வடிவ உலோக உடல், அதில் பள்ளங்கள், பள்ளங்களில் ஓ-ரிங் வளையங்கள், மேலே தட்டையான விளிம்பு, அதற்கும் மேலே மரத்துக்குள் போகும் மரைத் தண்டு. கடையில் மூன்று உலோகங்களில் கிடைக்கிறது.

முலாம் பூசியவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. குரோமியத்துக்குப் புளிப்பு ஒரு பொருட்டல்ல. ஆனால் முலாம் எங்கேயும் முழுமையாக மூடாது. ஊசிமுனை அளவு துவாரம் ஒன்று போதும், ஒயின் அதற்குள் நுழைந்து அடியிலிருக்கும் துத்தநாகத்தைக் கரைக்கத் தொடங்கும். முலாம் மேலே அப்படியே இருக்க, அடியில் குழி விழும்; பிறகு முலாம் கொப்புளித்து உரியும். அண்ணன் மகள் கொண்டுவந்ததில் நடந்தது அதுதான்.

பித்தளையைப் பற்றி நம் வீடுகளில் விளக்கவே வேண்டாம். வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று பாட்டிகளுக்குத் தெரியும். பாட்டிலுக்குள் தொங்கும் பித்தளையிலும் அதே களிம்புதான். அதோடு, உளிக்கு எளிதாக வெட்டுப்படவேண்டும் என்பதற்காகக் கடைசல் பித்தளைக் கம்பியில் சுமார் 3 சதவீதம் காரீயம் சேர்க்கிறார்கள். உணவு தொடும் இடத்தில் அது கூடாது.

மிச்சமிருப்பது எவர்சில்வர். இங்கேதான் கண் திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் எவர்சில்வர் என்ற ஒரே பெயரில் பல உலோகங்கள் விற்கின்றன. நமக்கு வேண்டியது 304 தரம்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சமையல் பாத்திரத்தின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பார்களே, அதே உலோகம்.

அல்சூருக்கான ஹலசூரு நிலையத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டில் இறங்கினால் எஸ்.ஜே.பி. சாலை நடக்கும் தூரம். உளியிலிருந்து தாங்குருளை வரை அடுக்கிவைத்திருக்கும் கடைகள். ஒரு கடையில் எவர்சில்வர் அடைப்பான் பாகம் ஒன்றை எடுத்து, பையிலிருந்த காந்தத்தை ஒட்டினேன். கடைக்காரர் சிரித்தார். "அக்கா, காந்தம் ஒட்டவில்லை, பார்த்தீர்களா? அசல் 304" என்றார். காந்தம் ஒட்டாதது உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. காந்தம் இறுக்கமாக ஒட்டிக்கொண்டால் அது 304 இல்லை என்று ஒதுக்கிவிடலாம். ஒட்டாவிட்டால் 304 என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாறாக, 304 கம்பியை இழுத்து உருட்டியிருந்தால் காந்தம் லேசாக இழுக்கவும் செய்யும். லேசான இழுப்பைக் கண்டு பயப்படாதீர்கள்.

இதற்கென்றே சோதனைச் சொட்டு விற்கிறார்கள். உலோகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, சின்ன மின்கலத்தைத் தொடவைத்தால் சில நொடிகளில் நிறம் மாறும். மாங்கனீசு அதிகமுள்ள வகையென்றால் சொட்டு சிவக்கும். பழைய உலோகம் வாங்கி விற்கிறவர்கள் தினமும் இதைத்தான் செய்கிறார்கள். அந்தக் கடைக்காரரிடமே அந்தச் சொட்டு இருந்தது. போட்டுக்காட்டச் சொன்னேன். சிவந்தது. அவர் கோபப்படவில்லை. "எங்களுக்குக் கொடுக்கிறவர் சொன்னதை நான் சொன்னேன் அக்கா" என்று உள்ளே போய் வேறு பெட்டி எடுத்துவந்தார். அதில் சிவக்கவில்லை. இன்றுவரை அவரிடம்தான் வாங்குகிறேன்.

சொட்டு கிடைக்காதவர்களுக்கு வீட்டுச் சோதனை உண்டு. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வினிகர் ஊற்றி ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வாங்கப்போகும் வகையில் ஒன்றை மட்டும் வளையம் கழற்றிவிட்டு மூன்று நாள் போட்டுவையுங்கள். பள்ளத்தின் மூலைகளில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அந்த வகை வேண்டாம். தெரியாவிட்டால் மீதியை வாங்குங்கள்.

பத்து, இருபது என்று செய்கிறவர்கள் கடையில் வாங்கலாம். ஐம்பதுக்கு மேல் தேவைப்பட்டால் பீன்யாவிலோ ராஜாஜிநகர் தொழிற்பேட்டையிலோ ஒரு லேத் பட்டறையில் கடைந்துவாங்குவது எனக்குப் பிடித்த வழி. அப்போது ஒரு விஷயத்தை எழுத்தில் கொடுங்கள்: 304 கம்பி, 303 வேண்டாம். 303 தரத்தில் உளி வழுக்கிக்கொண்டு போவதற்காகக் கந்தகம் சேர்த்திருக்கும். பட்டறைக்காரருக்கு அது வசதி. உளி மழுங்காது, சுருள் ஒடிந்து விழும். ஆனால் அந்தக் கந்தகமே அரிப்புக்கு வாசல் திறக்கும். கேட்காவிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிடுவார்கள்.

வளையமும் பள்ளமும்

வளையத்தைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் பழகியதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒழுகும் அடைப்பான்களில் பெரும்பாலானவை ஒழுகுவது இந்த இடத்தில்தான்.

ஓ-ரிங் வளையம் நசுங்கினால்தான் அடைக்கும். எவ்வளவு நசுங்கவேண்டும்? அதன் கம்பித்தடிமனில் 15-லிருந்து 25 சதவீதம். 2.5 மி.மீ. தடிமன் என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.4-லிருந்து 0.6 மி.மீ. 18.5 மி.மீ. வாய்க்கு வளையத்தின் வெளியளவு 19.3 இருந்தால் பக்கத்துக்கு 0.4 நசுங்கும். கையால் அழுத்தினால் இறங்கும், குமிழைப் பிடித்துத் தூக்கினால் பாட்டிலும் கூடவே எழும். அதுதான் சரியான பிடிப்பு.

ஆனால் வாய் 18 ஆகவும் இருக்கலாம், 19 ஆகவும் இருக்கலாம் என்று பார்த்தோம். அதற்குத்தான் இரண்டு வளையங்கள், கூம்பு உடல். நான் பட்டறைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் உடலின் மிகத் தடித்த இடம் 17.5 மி.மீ.; எந்தப் பாட்டிலிலும் உலோகம் கண்ணாடியைத் தொடக்கூடாது. கீழ்ப் பள்ளத்தின் அடியளவு 14.3, மேல் பள்ளத்தின் அடியளவு 14.7. இரண்டுக்கும் உள்ளளவு 14, தடிமன் 2.5 உள்ள ஒரே வளையம்தான். பள்ளத்தில் ஏறியதும் கீழ் வளையத்தின் வெளியளவு 19.3, மேல் வளையத்தின் வெளியளவு 19.7. குறுகிய வாயில் கீழ் வளையம் அடைக்கும், மேல் வளையம் விளிம்பில் நின்றுவிடும். அகன்ற வாயில் மேல் வளையம் உள்ளே இறங்கி அடைக்கும். மேல் வளையம் வெளியே நிற்பதைப் பார்த்து, சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துத் தட்டி உள்ளே இறக்காதீர்கள்.

பள்ளத்தின் அகலம் வளையத்தின் தடிமனைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். ரப்பரை நசுக்கினால் அது சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடமில்லாவிட்டால் கல் போல நிற்கும், கண்ணாடியில் இறங்காது. 2.5 தடிமனுக்கு 3.4 மி.மீ. அகலம் கொடுக்கிறேன்.

பள்ளத்தின் ஓரங்களில் உளி விட்ட பிசிறு இருந்தால் வளையத்தைச் செதுக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் காட்டிக்கொடுக்கும் எளிய கருவி பஞ்சு. கொஞ்சம் பஞ்சைத் திரித்துப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சுற்று இழுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் ஓர் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் 400 எண் உப்புத்தாளை மடித்து நான்கு முறை தேய்த்தால் போதும். கடையில் வாங்கிய பாகங்களிலும் இதைச் செய்கிறேன். பத்துக்கு இரண்டு மூன்றிலாவது இழை மாட்டாமல் இருந்ததில்லை.

ரப்பர் எந்த வகை? கருப்பு வளையங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும். ஈ.பி.டி.எம். வினிகரைத் தாங்கும், எண்ணெயில் ஊதிப் பெருக்கும். இரண்டும் கருப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு வளையத்தை நல்லெண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து, அதே பையிலிருந்து எடுத்த புது வளையத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பெருத்திருந்தால் ஈ.பி.டி.எம். உணவுத் தரச் சிலிக்கோன் வளையம் விலை கூட. ஆனால் ஒயின், வினிகர், தேன், நல்லெண்ணெய் எல்லாவற்றுக்கும் வீட்டு உபயோகத்தில் எனக்கு நன்றாகவே உழைக்கிறது. அதற்கென்று தனி வாசமும் இல்லை. நான் இப்போது சிலிக்கோன் மட்டுமே போடுகிறேன். குக்கர் காஸ்கெட்டைப் போல இதுவும் தேயும் பொருள்தான் என்பதால், ஒவ்வொரு அடைப்பானோடும் இரண்டு உதிரி வளையங்களைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறேன்.

மரை

வெளிநாட்டு வகைகளில் தண்டு பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. நம் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் இது மூன்று நூல். மற்றவை மில்லிமீட்டர் கணக்கில் எம் 8 அல்லது எம் 10. இந்த எம் 10-உம் மூன்று நூலும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்று 10 மி.மீ., மற்றது 9.5 மி.மீ.; மரைக்கு மரை தூரம் ஒன்றில் 1.5, மற்றதில் 1.59. இரும்பு நட்டாக இருந்தால் சில சுற்றிலேயே இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். மரம் காட்டிக்கொடுக்காது. எம் 10 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்ட மரத்துளையில் மூன்று நூல் தண்டு மரையைக் கடித்துத் தின்றுகொண்டே உள்ளே போகும், அடியில் நின்றதும் லொடலொடவென்று ஆடும். மரைக்கு மரை தூரத்தைக் காட்டும் மரைமானி ஒன்று வாங்கி, தண்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

மூன்று நூல் டேப் தேடி அலையவேண்டாம். பழைய கடைகளில் விட்வொர்த் என்னும் பழைய ஆங்கிலேய அளவு டேப் கிடைக்கும். மூன்று நூலில் அதற்கும் 16 மரைதான். மரையின் கோணம் கொஞ்சம் வேறு, ஆனால் மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டேப்புக்கு முன் 8 மி.மீ. துளை. எம் 8 என்றால் 6.8, எம் 10 என்றால் 8.5.

துளையைக் கை டிரில்லில் போடாதீர்கள். மரத்துண்டை லேத்தின் சக்கில் (பற்றிச் சுழற்றும் பிடியில்) பிடித்து, அடிமுகத்தைச் சமமாக்கிவிட்டு, எதிர்முனையில் நிற்கும் டெயில்ஸ்டாக்கிலிருந்து துளையிட்டால்தான் துளை முகத்துக்கு நேராக நிற்கும். அடிமுகத்தின் நடுவை ஒரு காகிதத் தடிமன் குழிவாக எடுத்துவிடுங்கள். அப்போது உலோக விளிம்பு மரத்தின் ஓரத்தில் இடைவெளியில்லாமல் உட்காரும். தண்டின் நீளத்தை அளந்து, துளை அதைவிட 5 மி.மீ. ஆழமாக இருக்கட்டும்.

துளை மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் போவதால் மரையின் பற்கள் குறுக்கு நார்முனைகளாக, உதிரும் நிலையில் இருக்கும். டேப்பை ஒருமுறை போட்டுவிட்டு, நீர்த்த உடனடிப் பசையை நான்கைந்து சொட்டு உள்ளே விட்டு, நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் டேப்பை ஓட்டுங்கள். மரையைத் தொட்டுப் பார்த்தால் கொம்பு போல வழவழப்பாக இருக்கும். புளி, ஈட்டி, காப்பி மரங்களுக்கு இது போதும். சில்வர் ஓக்கோ வெட்பாலையோ என்றால் பித்தளை மரைக்குழல் ஒன்றை மரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். அது திரவத்தைத் தொடாத இடம், அங்கே பித்தளை இருக்கலாம்.

குமிழைக் கடையும்போது அடைப்பானின் உலோகத்தையே சக்கில் பிடிக்கிறவர்கள் உண்டு. வேண்டாம், உப்புத்தாள் பொடி பள்ளத்தில் சேரும், உளி நழுவினால் விளிம்பு கீறும். மூன்று நூல் போல்ட்டு ஒன்றின் தலையை அறுத்துவிட்டு, அதைச் சக்கில் பிடித்து, ஓர் அகலமான நட்டை விளிம்பாக வைத்தால் கடைசல் தண்டு தயார்.

விளிம்பின் அளவுக்கே மரத்தின் அடியையும் கடையவேண்டும். 26-லிருந்து 28 மி.மீ. விளிம்பு எனக்குப் பிடித்தது. பாட்டிலின் வாயோடு சமமாக நிற்கும். குமிழின் உயரம் 50 மி.மீ.க்கு மேல் போனால் குளிர்பெட்டிக் கதவின் தட்டில் பாட்டில் நிற்காது. இதைக் கேட்டுக்கொண்டு கடையுங்கள்.

மெருகைப் பற்றி ஒன்றே ஒன்று. மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் போனால் வரும் சன்னபட்டணாவில் வெட்பாலை பொம்மைகளுக்கு அரக்கு ஏற்றுகிறார்கள். அந்த வண்ணத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை. ஆனால் அரக்கு சாராயத்தில் கரையும். விஸ்கி வழிந்த அடைப்பானில் அரக்கு வெளுத்துப் பிசுபிசுக்கும். எண்ணெய்க்கும் தேனுக்கும் அரக்குக் குமிழ் கொடுக்கிறேன். மதுவுக்கு என்றால் பாலியூரித்தேன் பூச்சுதான்.

கொடுப்பதற்கு முன்

வளையங்களில் ஒரு துளி எண்ணெய் தடவி ஏற்றுங்கள். உலர்ந்த வளையம் பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டு நீல மை கலந்து, அடைப்பானைச் செருகுங்கள். பழைய தினத்தாளை நான்காக மடித்து மேசையில் விரித்து, அதன் மேல் பாட்டிலைப் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் மரத்துண்டு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப்போங்கள். காலையில் தாளில் நீலவட்டம் இல்லையென்றால் அடைப்பானைக் கொடுக்கலாம். வட்டம் இருந்தால் மரத்தைக் கழற்றவேண்டாம். இரண்டு வளையங்களில் எது கண்ணாடிக்குள் ஈரமாக இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துவிட்டு, தடிமன் 2.65 உள்ள வளையத்தைப் போட்டு, புதுத்தாள் விரித்து இன்னும் ஓர் இரவு படுக்கவையுங்கள்.